வேண்டுகோளும் விடையும்: திருமுறைப் பதிகங்களும் சேக்கிழார் காட்டும் அருள்வழியும்

இறைவனிடம் ஒன்றை வேண்டி நின்ற அடியார், அதனைத் தாம் எண்ணியிராத வழியிற் பெறுதலும், வேண்டியதற்கு முற்றும் மாறானதுபோலத் தோன்றும் ஒன்றையே விடையாகப் பெறுதலும் பெரியபுராணத்துட் பலவிடங்களிற் காணப்படுவன. இவற்றை அற்புத நிகழ்ச்சிகள் என்னும் ஒரு தலைப்பின்கீழ்த் தொகுத்துக் கூறி அமைவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அற்புதம் என்னுஞ் சொல் கேட்போரது வியப்பை உணர்த்துமேயன்றி, வேண்டினார் உள்ளத்து நின்ற நம்பிக்கை எத்தகையது என்பதனை உணர்த்தாது. அந்நம்பிக்கையின் இயல்பை, மூவர் பதிகங்களையும் அவற்றிற்குச் சேக்கிழார் கூறும் வரலாறுகளையும் அருகருகே வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருகருகே வைத்து என்றமைக்குக் காரணம் உண்டு. அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டினர். சுந்தரர் அவர்க்குப் பிற்பட்டவர். சேக்கிழாரோ 12-ஆம் நூற்றாண்டினர். பதிகம் பாடியவர் வேண்டி நிற்கும் நிலையிலிருந்து பாடுகின்றார். புராணம் பாடியவர் விடை வந்து முடிந்த நிலையிலிருந்து பாடுகின்றார். இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தாமல், புராணத்திற் கற்றறிந்த முடிவைப் பதிகத்தினுள் முன்னரே ஏற்றிவைத்துப் படிக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் மிகுதியும் உண்டு. முடிவை அறிந்தவன் கொள்ளும் அமைதி வேறு. முடிவை அறியாதவன் கொள்ளும் நம்பிக்கை வேறு. பின்னதே பதிகங்களின் உயிர் என்பது எம் கருத்து.

குண்டையூர் நிகழ்ச்சி இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கும். சுந்தரர் திருக்கோளிலியிற் பாடிய பதிகம் 7-ஆம் திருமுறையில் 20-ஆம் பதிகமாக உள்ளது. குண்டையூரிற் சிறிதளவு நெல் பெற்றதாகவும், அதனைச் சுமந்து செல்ல ஆளில்லை என்றும், பரவையார் வாடி வருந்தாவண்ணம் அந்நெல்லைக் கொண்டுசேர்க்கப் பணிக்கவேண்டும் என்றும் அப்பதிகத்தில் அவர் கேட்கின்றார். பாட்டுத்தோறும் அவ்வேண்டுகோளே மீண்டும் மீண்டும் வருகின்றது. விடை வந்ததா, ஆள் வந்தனரா என்பது பதிகத்தில் இல்லை. இனிப் பெரியபுராணத்தைக் காண்போம். மழை பொய்த்து விளைவு குன்றியமையால் சுந்தரர்க்கு வழக்கமாக அனுப்பும் நெல்லை அனுப்ப இயலாமல் குண்டையூர்க் கிழார் உண்ணாது துயின்றார். இறைவன் அவர் கனவில் தோன்றி நெல் தந்தோம் என்றான். விடிந்தபொழுது வழிகளெல்லாம் மறையும்படி நெல்மலை குவிந்து கிடந்தது. அஃது ஒரு வேண்டுகோளுக்கு விடை. ஆயின் அவ்விடையே புதியதோர் இடர்ப்பாடாயிற்று. மக்களால் எடுக்கலாகாத அந்நெல்லை என்செய்வதென்று அவர் சுந்தரரிடம் ஓடிவர, சுந்தரர் கோளிலி சென்று பாட, இரவிற் பூதங்கள் அந்நெல்லைத் திருவாரூரிற் கொண்டுபோய்க் குவித்தன. மறுநாள் தெருவெங்கும் நெல்லாகிக் கிடப்பக் கண்ட பரவையார், அவரவர் மனையெல்லையிற் கிடப்பதை அவரவர் எடுத்துக்கொள்க எனப் பறையறைவித்தார்.

பதிகத்திற் சிறிதளவாயிருந்த நெல் புராணத்தில் மலையாயிற்று. ஒருத்தியின் பசிக்குக் கேட்டது ஊரார் அனைவரது களஞ்சியத்தையும் நிரப்பிற்று. இதனைச் சேக்கிழாரின் உயர்வுநவிற்சி என்று கூறிக் கழித்துவிடலாம். அவ்வாறு கழிப்போரும் உளர். ஆயினும், ஆள் கேட்டவர்க்குப் பூதங்களும், மனையாட்டிக்குக் கேட்டவர்க்கு ஊர்முழுதுக்குமான உணவும் விடையாக வந்தன என்று சேக்கிழார் அமைத்தது, பதிகம் வாய்திறவாது விட்ட இடத்தைத் தம் கொள்கைக்கேற்ப நிரப்பியதாகும் என்க. வேண்டுவார் கேட்கும் அளவு அவர் அறிவின் அளவினது. விடையின் அளவு அருள்வோன் அறிவின் அளவினது என்பதே அக்கொள்கை.

இனி, வேண்டினவரே வேண்டியதனை மறந்துவிட்ட நிலையும் உண்டு. கயிலையினின்றும் நிலவுலகிற் பிறக்கப் புறப்பட்ட ஆலாலசுந்தரர், மானிட வாழ்வில் தாம் மயங்குங் காலத்துத் தம்மைத் தடுத்தாட்கொள்ளவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கின்றார். புத்தூர் மணப்பந்தரில் ஓலையொடு வந்து வழக்கிட்ட முதுமறையவர் அவ்விண்ணப்பத்தின் விடையாவார். மணமகனுக்கோ அஃது வழக்காகவும் இடையூறாகவும் தோன்றுகின்றது. வந்தவரைப் பித்தர் என்று இகழ்கின்றார். ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். கதை கேட்போர்க்குத் தெரிந்தது கதைத்தலைவர்க்குத் தெரியவில்லை. இவ்வமைப்பைச் சேக்கிழார் பெரிதும் விரும்பிக் கையாள்கின்றார். இதனினும் ஆழமாக அவர் அதனைக் கையாண்ட இடம் திருவதிகை வரலாறாகும். அதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

திலகவதியார் தாய்தந்தையரை இழந்தவர். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபின் தாமும் உயிர்துறக்கத் துணிந்தவர். தம்பி மருணீக்கியார் தம் அடியில் வீழ்ந்து அழுது, தமக்கு முன்னே தாம் உயிர் நீப்பதாகக் கூறிய ஒன்றன்பொருட்டே உயிர் தாங்கியவர். அத்தம்பி பின்னர்ச் சமணஞ் சார்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் தலைமை பெற்று வாழ்கின்றார். எவன்பொருட்டுத் தாம் வாழ்ந்தாரோ அவன் அகன்றுவிட்டான் என்பது அவ்வம்மையார் உற்ற துயரம். அவர் அதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் திருத்தொண்டு செய்துகொண்டு, தம்பியைப் பரசமயக் குழியினின்றும் எடுத்தாளவேண்டும் என்று பன்முறை வேண்டுகின்றார்.

இறைவன் கனவிற் கூறிய விடை கருதத்தக்கது. அவன் முன்னமே எம்மை அடையத் தவம் முயன்றவன். அவனைச் சூலைநோய் தந்து ஆள்வோம் என்பதே அதன் கருத்து. தம்பியின் நலம் வேண்டிய தமக்கைக்குக் கிடைத்த விடை தம்பிக்கு வரும் கொடுநோய். அவர் நோயை வேண்டவில்லை. அறிவுத்தெளிவையோ, மனமாற்றத்தையோ, நல்லாசிரியர் ஒருவரின் கூட்டத்தையோ எதிர்பார்த்திருக்கலாம். வந்தது வயிற்றிற் புகுந்து குடரை முறுக்கும் வேதனை. சமண முனிவர் மந்திரித்தும் மயிற்பீலியால் தடவியும் தீராத அந்நோயுடன் தருமசேனர் தமக்கைக்கு ஆள் விடுக்கின்றார். அம்மையாரோ, தாம் சமணர் உறையும் இடத்திற்கு வருதல் இயலாது என்று மறுக்கின்றார். தாய்போல வளர்த்தவர், நோயுற்ற தம்பி அழைக்கச் செல்லாதிருந்தமை கன்னெஞ்சம் என்று கூறுவாரும் உளர். கனவிற் பெற்ற விடையை அவர் எவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தார் என்பதற்கு அம்மறுப்பினுஞ் சிறந்த சான்று வேறில்லை. நோய் விடையாயின், அந்நோயே தம்பியை நடத்திக்கொண்டுவருதல் வேண்டும். இடையிற் சென்று தாங்குதல் அதனைத் தடுப்பதாய் முடியும். அவ்வாறே தருமசேனர் இரவில் நடந்துவந்து தமக்கையார் அடியில் வீழ்கின்றார்.

இனி இந்நோய்பற்றி அப்பர் தாமே பாடிய பதிகத்தை நோக்குவோம். 4-ஆம் திருமுறையின் முதற்பதிகம் அது. அதில் திலகவதியார் இலர், அவர் வேண்டுகோள் இல்லை, கனவும் இல்லை. தாம் செய்த கொடுமைகள் எவை என்று அறியாமையையும், வயிற்றினுள் நோய் செய்யுங் கொடுமையையும், அதனைப் பொறுக்கலாற்றாமையையும் அப்பர் உரைக்கின்றார். ஒரு பாட்டில், தாம் அறியாமையால் இருந்த காலத்து இறைவன் சினந்து தம்மை வருத்தி முடக்கினான் என்றும், பின்னர்த் தாம் ஆட்பட்ட பிறகும் சூலை சுடுகின்றதே என்றும், அடைந்தார் துன்பத்தைத் தீர்ப்பதன்றோ தலைவர்தம் கடமை என்றும் வினவுகின்றார். நோயை அவர் இறைவனது சினமாகவே காண்கின்றார். தமக்கைக்கு விடையாகத் தெரிந்த அதே நோய் தம்பிக்குச் சினமாகத் தெரிகின்றது. தம்பியை எதிர்கொண்டபொழுது இஃது இறைவன் அருள் என்னும் அளவிலேயே அம்மையார் கூறினார். கனவை எடுத்துரைத்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. இம்மௌனம் தற்செயலானதன்று. பதிகத்தின் முறையீடு முறையீடாகவே நிற்கவேண்டுமாயின், பாடுவோர் விடையை அறிந்திருத்தல் ஆகாது. நோய் நீங்கிய பின்னரே, இவ்வாழ்வைத் தந்த சூலைக்குத் தாம் செய்யும் கைம்மாறு யாதோ என்று அவர் நெகிழ்வதாகச் சேக்கிழார் காட்டுகின்றார்.

இப்பதிகத்திலேயே நீரும் பூவும் தூபமும் கொண்டு வழிபடுதலையும், தமிழோடு இசைபாடுதலையும் தாம் மறந்ததில்லை என்று அப்பர் கூறும் பாட்டு ஒன்று உண்டு. சமணராயிருந்து அன்றே மீண்டவர் அவ்வாறு கூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பது பழைய வினா. அதனை ஈண்டு ஆராயப் புகின் கட்டுரை விரியும். பதிகமும் புராணமும் எல்லா விடத்தும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பன அல்ல என்பதற்கு அஃது ஒரு சான்றாகும் என்னுமளவில் அமைவோம்.

துன்பம் தருவோனையே பற்றி நிற்கும் நிலையை வைணவ மரபும் போற்றியுள்ளது. குலசேகரப் பெருமாள் தம் திருமொழியின் 5-ஆம் பதிகத்தில் வித்துவக்கோட்டுப் பெருமானை நோக்கி உரைக்கும் உவமைகள் புகழ்பெற்றவை: சினந்து ஒதுக்கினும் தாயையே நினைந்து அழும் குழவி, வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளன், கடலிற் கரை காணாது மீண்டு கூம்பினையே அடையும் பறவை. சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், சொற்கேளாத மக்களைப் பெற்றோர் கடிந்து அடிப்பதும் பரிவே ஆதல்போல இறைவன் முனிவும் அருளே என்று நிறுவுவர். இவ்விரண்டையும் அதிகைப் பதிகத்தோடு ஒப்புமை காட்டி எழுதுதல் வழக்கம். எமக்கு அவ்வொப்புமை முழுதும் உடன்பாடன்று. குலசேகரரின் நோயாளன், அறுப்பவன் மருத்துவன் என்பதை அறிந்தவன். சித்தியார் கூறும் மகன், தான் செய்த தவறு இன்னதென்று அறியக்கூடியவன். அதிகையில் நின்று பாடிய அப்பர்க்கோ தம் பிழை இன்னதென்று தெரியவில்லை. நோய் எதற்கென்றும் தெரியவில்லை. தெரியாத நிலையிலும், நோய் தந்தவனிடமே அதனை நீக்குமாறு கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பது மட்டும் தெரிந்திருக்கின்றது. நம்பிக்கை என்று யாம் கூறுவது இவ்வுரிமை உணர்வையே.

இவ்வுரிமையின் எல்லையைக் காணவேண்டுவார் சுந்தரரிடமே செல்லுதல் வேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்குமுன், அவரைப் பிரியேன் என்று சூளுரைக்கவேண்டி நேர்ந்தது. திருவாரூரை நீங்கி அங்கேயே இருத்தல் இயலாது என்பதை அறிந்த சுந்தரர், தாம் சூளுறவு செய்யக் கோயிலுக்கு வரும்பொழுது இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்தின்கீழ்ச் சென்று தங்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றார். இறைவன் இசைகின்றான். உடனே சங்கிலியார் கனவில் தோன்றி, கோயிலினுள் வேண்டா, மகிழின்கீழ்ச் சூளுரைக்கக் கேள் என்று கூறிவிடுகின்றான். கேட்டது கேட்டவாறே நிறைவேறிற்று. இறைவன் மகிழின்கீழ்த்தான் இருந்தான். சூள் பொய்யாதற்கு வழிதேடிய வேண்டுகோள் சூளை மெய்யாக்குவதற்கே பயன்பட்டது. பெரியபுராணத்துள் நகைச்சுவை பொதிந்த இடங்களுள் இதனினுஞ் சிறந்ததனை யாம் அறியோம். சொல்லளவில் நிறைவேறியதும் கருத்தளவில் மறுக்கப்பட்டதுமாகிய விடை என்று இதனைக் கூறலாம்.

சூள் பிழைத்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் இரு கண்ணும் ஒளியிழந்தன. வழியறியாது செல்லுஞ் சுந்தரர் திருவெண்பாக்கத்திற் கண்ணை வேண்டினார். பெற்றது ஓர் ஊன்றுகோல். அங்குப் பாடிய பதிகம் (7-ஆம் திருமுறை, 89) மற்றைய வேண்டுகோட் பதிகங்களினும் வேறுபட்டது. விடையும் அதனுள்ளேயே பதிவாகியுள்ளமையே அவ்வேறுபாடு. பிழை செய்தாலும் பொறுப்பார் என்றெண்ணிப் பிழைத்ததாகவும், தமக்கு வரும் பழியையும் பாராமல் இறைவன் கண்ணைப் படலத்தால் மறைத்ததாகவும் கூறிய சுந்தரர், இக்கோயிலில் இருக்கின்றாயோ என்று தாம் வினவியதற்கு, இருக்கின்றோம், நீர் செல்லும் என்னும் பொருள்பட விடை வந்ததாகப் பாட்டுத்தோறும் முடிக்கின்றார். கோல் அளித்த செய்தியும் அப்பதிகத்திலேயே வருகின்றது.

நெடுநாட் பழகிய தோழன் கண்ணிழந்து வாயிலில் நின்று வினவ, உள்ளிருந்து அயலார் பேச்சுப்போல வந்த அச்சொல்லைச் சுந்தரர் மறைக்கவில்லை. மறைக்காததோடு, அதனையே பதிகத்தின் முடிபாகவும் வைத்துவிட்டார். புராணத்தின் போக்கிலே வைத்து நோக்கினால் அச்சொற்கு மற்றொரு பொருளும் தோன்றுகின்றது. செல்லும் என்றது வெறுத்துப் போக்கியதாகக் கேட்கப்பட்டது. கோல் அளித்தமையோ செல்லுதற்கு வேண்டிய கருவியை அளித்தமையாகும். கோலூன்றிச் சென்ற வழியிலேயே காஞ்சியில் இடக்கண்ணும், பின்னர்த் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. வெண்பாக்கத்திலேயே நின்றிருப்பின் அவை கிடைத்திரா. ஆயினும் இப்பொருள் வழியின் முடிவை அறிந்த நமக்கே விளங்குவது. பதிகத்துட் கேட்பது வாயிலில் நிறுத்தப்பட்டவர் குரலேயாம்.

காஞ்சி ஏகம்பத்துப் பதிகத்தில் (7-ஆம் திருமுறை, 61) காணக் கண்பெற்ற மகிழ்ச்சி பாட்டுத்தோறும் பொங்குகின்றது. பாதி விடை பெற்றவர் மீதி விடைக்கு அமைந்து காத்திருப்பார் என்று நாம் எதிர்பார்க்கலாம். திருவாரூர்ப் பதிகம் (7-ஆம் திருமுறை, 95) அவ்வெதிர்பார்ப்பைப் பொய்யாக்குகின்றது. தம்மை விற்றுக்கொள்ளவும் இறைவனுக்கு உரிமையுண்டு, தாம் ஒற்றிப்பொருள் அல்லர், விரும்பி ஆட்பட்டவர் என்று வாதிட்டு, குற்றமில்லாத தம் கண்ணைக் கொண்டு பழியைத் தேடிக்கொண்டது ஏன் என்று கேட்டு, மற்றைக் கண்ணைத் தாராவிடின் நீரே வாழ்ந்துபோம் என்று வெகுண்டு முடிக்கின்றார். ஒற்றியூரிற் பிழைத்தோம் என்று வெண்பாக்கத்திற் கூறியவர் ஆரூரிற் குற்றமிலேன் என்கின்றார். இம்முரணை எடுத்துக்காட்டிக் குறைகூறுவார், வன்றொண்டர் என்னும் பெயரை மறந்தவராவர். விடை எவ்வழியில் வரும் என்று அவர்க்குத் தெரியாது. வராமற் போகாது என்பது தெரியும். அத்தெளிவே வெகுளியாக வெளிப்படுகின்றது. கேளாதவனிடம் எவரும் வெகுள்வதில்லை.

சம்பந்தர் பதிகங்களில் இவ்வெகுளி இல்லை. திருவீழிமிழலையிற் பஞ்சகாலத்து இறைவன் நாள்தோறும் காசு அளித்தபொழுது, அப்பர் பெற்ற காசு வாசியின்றி மாறிற்று. சம்பந்தர் பெற்றதற்கு வாசி கேட்டனர். வேண்டியது கிடைத்தும் சிறு குறையொடு கிடைத்தமையால், அவ்வாசி தீரக் காசு நல்குமாறு அவர் குறுகிய அடிகளிற் பாடிய பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. கைத்தொண்டு செய்தார் காசு நற்காசாயிற்று என்பர் சேக்கிழார். இங்கு வேண்டுதலும் விடையும் நேருக்கு நேர் நிற்பன. ஆராய்ச்சிக்கு இடந்தருவன அல்ல.

இதுகாறும் காட்டியவற்றுட் பல, வேண்டுகோள் பதிகத்திலும் விடை புராணத்திலுமாக நின்றவை. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அப்பர் முதுமையிற் கயிலை காண விழைந்து வடதிசை சென்றார்; கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், பின்னர்ப் புரண்டும் சென்று, உறுப்பெல்லாம் தேய்ந்தபின் வழியிற் கிடந்தார். முனிவராய் வந்த இறைவன் மீண்டு போமாறு கூறவும், கயிலையிற் பெருமானைக் கண்டாலன்றி அழியும் இவ்வுடலோடு மீளமாட்டேன் என்று மறுத்தார். அதன்பின், உடல் நலம்பெற்று எழுந்த அவர்க்கு, அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் அக்காட்சியைக் காண்க என்று ஆணை பிறந்தது. மூழ்கியவர் ஐயாற்றுக் குளத்தில் எழுந்தார். கண்ணெதிர்ப்பட்ட விலங்கும் பறவையும் துணையொடு வருவனவெல்லாம் சத்தியும் சிவமுமாகத் தோன்ற, அவ்வூரையே கயிலையாகக் கண்டார். மீளேன் என்றவர் மீட்கப்பட்டார்; காண்பேன் என்றதும் காட்டப்பட்டது. ஒற்றியூரிற் சொல் நின்று கருத்து மறுக்கப்பட்டது. ஐயாற்றிற் சொல் மறுக்கப்பட்டுக் கருத்து நிறைந்தது.

அப்பொழுது பாடியதாகச் சேக்கிழார் கூறும் பதிகம் 4-ஆம் திருமுறையின் 3-ஆம் பதிகம். அதில் உடல் தேய்ந்த வழிநடை இல்லை, முனிவர் இல்லை, பொய்கை இல்லை, கேட்டதும் மறுத்ததும் இல்லை. பூவும் நீரும் சுமந்து கோயிலுட் புகுவார்பின் தாமும் புகுகின்ற ஒருவர் குரலே கேட்கின்றது. பிடியொடு களிறு வருகின்றது; பெடையொடு கோழி வருகின்றது; வேறு பல உயிர்கள் இணையிணையாக வருகின்றன. அவற்றைக் கண்டு, இறைவன் திருவடி கண்டதாகவும், முன் கண்டறியாதவற்றைக் கண்டதாகவும் அப்பர் பாட்டுத்தோறும் பாடுகின்றார். கோளிலிப் பதிகம் வேண்டுகோள் மட்டுமாய் நின்றதுபோல, ஐயாற்றுப் பதிகம் விடை மட்டுமாய் நிற்கின்றது. அவ்விடைக்குரிய வேண்டுகோளை வடநாட்டு வழியிலே தேடிக்கொண்டுவந்து சேர்த்தவர் சேக்கிழார். களிறும் கோழியும் காவிரிக்கரை ஊரில் அன்றும் நாள்தோறும் காணப்பட்டவையே. அவற்றை முன் கண்டறியாதவை என்று ஒருவர் பாடியிருப்பாராயின், அதற்கு முன்னர் அவர் எவ்வளவு தொலைவு சென்று எதனைத் தேடியிருத்தல் வேண்டும் என்று சேக்கிழார் எண்ணியிருக்கவேண்டும் என்பது எம் துணிபு.